ஓய்வு மட்டும் போதாது

‘இத்தனை காலம் உழைச்சது போதும், சும்மா உட்காருங்க, நாங்க பார்த்துக்கிறோம்.’ பெரியவர்களிடம் பாசத்தோடு சொல்லும் இந்தச் சொல்லே பல நேரம் அவர்களை முடக்கிவிடுகிறது. விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலைப் பாருங்கள். கொலு பொம்மைக்கான களிமண் கூழைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் படிகிறது. மிச்சக் கூழை வடித்து, பொம்மையை எடுத்து, அச்சு சேர்ந்த தடத்தை வழித்து, காயவைத்துச் சூளையில் சுடுகிறார்கள். பாரம் தூக்க இளவயது வேண்டும். தடம் வழிக்கவும் கண் எழுதவும் வேண்டியது பழகிய கை. அந்தக் கைக்கு அறுபதிலும் மதிப்புண்டு. முதுமையைத் தாங்குவதில் மருந்துக்குச் சமமான பங்கு இந்த மதிப்புக்கு உண்டு என்பதே என் வாதம்.

1976இல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம் ஆளுக்கொரு செடி கொடுத்து, நீரூற்றுவதையும் அன்றாட முடிவுகளையும் அவர்கள் பொறுப்பிலேயே விட்டார்கள். இன்னொரு தளத்தில் எல்லாவற்றையும் ஊழியர்களே பார்த்துக்கொண்டார்கள். சில வாரங்களிலேயே முதல் தளத்தார் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். உடல் நன்றாக இருப்பவர்தானே பொறுப்பெடுப்பார், நாலு பேரோடு பழகுவார், இதில் காரணம் எது, விளைவு எது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே பொறுப்பு வெளியிலிருந்து கொடுக்கப்பட்டது. மாற்றம் அதன் பிறகே வந்தது. 2010இல் 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 50 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. தொடக்கத்தில் இருந்த உடல்நிலையைக் கணக்கில் எடுத்த பின்னும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: ஏழை முதியவரைச் சாகும்வரை உழைக்கச் சொல்வதற்கு இது சாக்காகிவிடாதா? ஆகிவிடக் கூடாது. பீங்கான் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலை அரிக்கும். சூளை வெப்பம் முதிய உடலுக்கு ஆகாது. வயிற்றுக்காக வேறு வழியின்றிச் செய்யும் வேலை வேறு, விரும்பிச் செய்யும் வேலை வேறு. நன்மை தருவது இரண்டாவதுதான். அரசு தரும் சொற்ப முதியோர் ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு அப்படித் தேர்ந்தெடுக்க வழியில்லை. ஆகவே ஓய்வூதியத்தை உயர்த்தக் கேட்பதும் முதியவருக்குப் பொறுப்புக் கொடுக்கச் சொல்வதும் ஒரே கோரிக்கைதான். அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். வீட்டுக் கணக்கையும் சந்தைப் பையையும் அவர்கள் கையிலிருந்து நாமாகப் பிடுங்காமல் இருப்போம்.