9,000 லூமென் என்று அட்டையில் போட்டால் போதுமா?

படூரில் இருப்பவர்களுக்குத் தியேட்டர் தூரமில்லை. ஓஎம்ஆரில் வண்டியை எடுத்தால் நாவலூர், கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனால் கானத்தூர். ஆனால் நாலு பேர் குடும்பமாகப் போனால் டிக்கெட்டும் பாப்கார்னும் பார்க்கிங்கும் சேர்ந்து மாத பட்ஜெட்டில் துண்டு விழுகிறது. வீட்டுச் சுவரிலேயே நூறு இன்ச் படம் பார்க்கலாமே என்ற ஆசை வருவது அதனால்தான். கைபேசியில் தேடினால் எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு புரொஜெக்டர் கிடைக்கிறது: ஃபுல் ஹெச்டி, 4கே சப்போர்ட், 9,000 லூமென். வாங்குவதற்கு முன் இந்த மூன்றையும் தனித்தனியாகச் சந்தேகப்பட வேண்டும்.

வெளிச்சத்தில்தான் பொய் அதிகம். தியேட்டர் திரையின் வெளிச்சத்துக்கு 16 ஃபுட்-லாம்பர்ட் என்று ஓர் அளவுகோல் உண்டு. நூறு இன்ச் திரையின் பரப்பு ஏறத்தாழ 2.75 சதுர மீட்டர். முழு இருட்டில், சாதாரண வெள்ளைத் திரையில் அந்த வெளிச்சம் வர, ஒழுங்காக அளந்த 500 லூமென் போதும். அப்படியானால் 9,000 எதற்கு? உண்மையிலேயே 9,000 லூமென் தரும் கருவி கல்யாண மண்டபத்திலும் மாநாட்டு அரங்கிலும் இருக்கும், விலை லட்சங்களில். மலிவுக் கருவியின் அட்டையில் இருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் எல்இடி விளக்கின் கணக்கு, அல்லது எந்தக் கணக்குமே இல்லாத எண். லென்ஸைத் தாண்டி சுவரில் விழும் வெளிச்சத்தை அளந்து சொல்வது ஆன்சி லூமென் அல்லது ஐஎஸ்ஓ லூமென். அந்த அடைமொழி இல்லாத எண்ணை நான் எண்ணாகவே எடுத்துக்கொள்வதில்லை. பெயர்பெற்ற கம்பெனிகளுக்குள்ளும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டிச் சொன்னதாக எக்ஸ்ஜிமி மீது எப்சன் அமெரிக்காவில் வழக்குப் போட, எக்ஸ்ஜிமி சில மாடல்களின் அளவைக் குறைத்துத் திருத்தியது.

அடுத்தது புள்ளிக் கணக்கு. ஃபுல் ஹெச்டி என்றால் 1920 பெருக்கல் 1080, சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1280 பெருக்கல் 720 பேனலில் 9.2 லட்சம்தான். 800 பெருக்கல் 480 என்றால் நாலு லட்சம்கூடத் தேறாது. ‘4கே சப்போர்ட்’ என்றால் 4கே சிக்னலை வாங்கிக்கொண்டு தன் பேனலுக்கு ஏற்றபடி சுருக்கிக் காட்டும், அவ்வளவுதான். கேட்க வேண்டியது ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ என்ன என்பது மட்டுமே. பேனல் நிஜமாகவே ஃபுல் ஹெச்டியாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. வைட்வைன் எல்1 என்ற சான்று இல்லாத கருவியில் ஓடிடி செயலிகள் பல 480பி தரத்தில்தான் படத்தைத் தரும். முறையான ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை எச்டிஎம்ஐயில் செருகினால் இது தீரும்.

உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டையும் நம்பிவிட வேண்டாம். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ ‘பேட்பாக்ஸ் 2.0’ பற்றி எச்சரித்தது. வாங்கும்போதே வைரஸ் ஏற்றப்பட்டு வரும் மலிவுக் கருவிகளில் டிவி பெட்டிகளோடு டிஜிட்டல் புரொஜெக்டரையும் சேர்த்திருந்தது. வீட்டு வைஃபையில் இப்படிப்பட்ட கருவியை இணைத்து, அதே வைஃபையில் ஆபீஸ் லேப்டாப்பையும் வைத்திருக்கும் சிறுசேரி ஐடி ஊழியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். நூறு இன்ச் படத்தின் அகலம் ஏழேகால் அடி. கருவியின் தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்த எண்தான் ‘த்ரோ ரேஷியோ’; அது 1.2 என்றால் கருவியை ஒன்பதடி தள்ளி வைக்க வேண்டும், 1.5 என்றால் பதினோரு அடி. பத்தடி படுக்கையறையில் இரண்டாவது அடங்காது. கோவளம் பக்கத்து உப்புக்காற்றும், எந்நேரமும் ஏதோ ஒரு கட்டடம் எழும்பும் தெருப் புழுதியும் வேறு. ஆப்டிகல் பகுதி மூடப்படாத கருவியில் தூசு பேனலில் உட்கார்ந்து, படத்தில் மங்கல் புள்ளியாகத் தெரியும். வாரண்டி அட்டை தூசையும் ஈரத்தையும் விலக்கியிருக்கிறதா என்று முதலிலேயே படியுங்கள். புதியதற்குப் பதிலாக ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் பழைய ஆபீஸ் புரொஜெக்டரை வாங்கினால், அது வெளிச்சத்தில் பெரும்பாலும் ஏமாற்றாது. ஆனால் அவற்றில் பல 1024 பெருக்கல் 768தான். லாம்ப் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை மெனுவில் பார்த்து, புது லாம்ப் விலையையும் விசாரித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

இனி சட்டம். பொருளின் தன்மை, தரம், அளவு பற்றிப் பொய்யாகச் சொல்லும் விளம்பரம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம். இதற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தயாரிப்பாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்; மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பில் தராததும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை. இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு இருக்க வேண்டும். இல்லாத பெட்டியை வாங்கினால் பின்னால் நோட்டீஸ் அனுப்பவே ஆள் கிடைக்காது.

ஆகவே ஆர்டர் போடுமுன் விளம்பரப் பக்கம் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ‘நேட்டிவ் எவ்வளவு, ஆன்சி எவ்வளவு’ என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பதிலைச் சேமியுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பக்கம் நாளைக்கே மாறிவிடலாம், உங்கள் படம் மாறாது.

குறை தெரிந்தால் முதலில் இணையக் கடையின் குறைதீர் அலுவலரிடம் புகார் செய்யுங்கள். அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எட்டாயிரம் ரூபாய் விஷயங்கள் பல இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடலாம். முடியாவிட்டால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் பதியலாம், வக்கீல் கட்டாயமில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது; இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். லூமென் உண்மையா என்று ஆய்வகத்தில் சோதிக்க ஆணையம் உத்தரவிடலாம். ஆனால் அந்தச் சோதனைச் செலவைப் புகார்தாரரை முன்கூட்டிக் கட்டச் சொல்லலாம். பேனல் அளவு பற்றிய புகாரில் பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது, விற்றவரின் கையேட்டிலேயே நேட்டிவ் ரெசல்யூஷன் அச்சிட்டிருந்தால்.