மாரி காலமும் எங்கள் சைக்கிளும்

ஐப்பசி பிறந்ததும் கூரையைப் பார்க்கிறோம், வாய்க்காலைத் துப்புரவாக்குகிறோம், விறகை உள்ளே அடுக்குகிறோம். அன்றாடம் எம்மைச் சுமக்கும் சைக்கிளின் நினைவு பலருக்கு வருவதில்லை. யாழ்ப்பாணத்தில் வேலைக்கும் சந்தைக்கும் பிள்ளைகளின் ரியூசனுக்கும் இன்றும் பல பெண்களுக்கு அதுதான் துணை. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோலும் பற்றரியும் கிடைக்காத நாட்களில் சைக்கிள்தான் எமது வாகனம். அதன் டைனமோவைச் சுழற்றியே வானொலிச் செய்தியும் கேட்டோம். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோதும் அதுவே கைகொடுத்தது.

நான் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய்வருபவள். வாரத்தில் அரைமணி நேரம், ஒரு பழந்துணி, சிறிது எண்ணெய் இருந்தால் மாரியைப் பயமின்றிக் கடக்கலாம் என்பது என் அனுபவம்.

பிறேக்கை முதலில் பாருங்கள்

மழையில் விழுந்து அடிபடுவதற்கு முக்கிய காரணம் பிறேக் உடனே பிடிக்காமைதான். நனைந்த இரும்பு றிம்முக்கும் பிறேக் கட்டைக்கும் இடையில் நீர் படலமாக நிற்கும். சில்லு சில சுற்றுச் சுற்றி அந்த நீர் துடைபட்ட பின்னரே பிறேக் பிடிக்கும். ஆகவே சந்தி தெரியும்போதே மெல்ல மெல்ல அழுத்தத் தொடங்குங்கள். முன் பிறேக்கைத் தனியே இறுக்கிப் பிடிக்க வேண்டாம், சில்லு வழுக்கிவிடும்.

கட்டை தேய்ந்திருந்தால் மாரிக்கு முன்பே மாற்றுங்கள். கட்டையில் மணல் புதைந்திருந்தால் ஊசியால் கிண்டி எடுங்கள். றிம்மில் எண்ணெய் படவே கூடாது.

செயினுக்கு எண்ணெய்

மழை எண்ணெயைக் கழுவிவிடும், பிறகு துருப்பிடிக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் செயினைத் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றியபடி ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். மேலே வழியும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மண் ஒட்டிச் செயின் தேயும். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது நாளடைவில் பிசுபிசுக்கும்.

பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்குப் போய்வருபவர்கள் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் சைக்கிளைக் கழுவித் துடையுங்கள். உப்புக்காற்று இரும்பை விரைவில் அரித்துவிடும்.

ரயரும் வெள்ளமும்

மொட்டையான ரயர் ஈர வீதியில் வழுக்கும். ரயரில் குத்தி நிற்கும் முள்ளையும் கண்ணாடித் துண்டையும் வாரம் ஒருமுறை பார்த்து எடுங்கள். மட்காட்டின் கீழ் நுனியில் பழைய ரியூப் துண்டொன்றைத் தொங்கவிட்டால் சேறு உடுப்பில் தெறிக்காது.

வெள்ளம் நிற்கும் வீதியில் குழியும் திறந்த மதகும் கண்ணுக்குத் தெரியா. இறங்கி உருட்டிச் செல்வதே நல்லது. சில்லின் அச்சு மூழ்குமளவு வெள்ளத்தில் சென்றிருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கும். கடையில் கழற்றிப் புதிதாகக் கிறீஸ் போடுவியுங்கள். தாமதித்தால் குண்டுகள் துருப்பிடித்துவிடும்.

வெளிச்சமும் உடையும்

மப்பு நாட்களில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. ரயரில் உரசி இயங்கும் டைனமோ ஈரத்தில் வழுக்கி விளக்கு மங்கும். அதனால் சிறிய பற்றரி விளக்கொன்றும் வைத்திருங்கள். பின் மட்காட்டில் சிவப்பு றிஃப்ளெக்டர் கட்டாயம் வேண்டும்; அதைத் துடைத்து வைத்தால்தான் பின்னால் வரும் வாகனத்துக்கு நாம் தெரிவோம். மழைக்கோட்டு இளநிறமாக இருக்கட்டும். அதன் தொங்கலையும் சால்வையையும் சேலைத் தலைப்பையும் சில்லில் சிக்காதபடி செருகிக்கொள்ளுங்கள். ஒரு கையில் குடை பிடித்து ஓடவேண்டாம். மறு கையில் ஒரு பிறேக்தான் இருக்கும்.

தாய்மாரே, இவற்றை உங்கள் பெண்பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். செயின் கழன்றால் மாட்டவும், காற்றடிக்கவும், பிறேக்கைச் சரிபார்க்கவும் தெரிந்த பிள்ளை, மழை இருட்டில் வீதியோரம் பிறர் உதவிக்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்து வைத்துத் தொடங்குங்கள்.