மருத் விமானமும் அதன் மர மாதிரியும்

இயந்திரங்களைச் சிறு உருவில் செய்து பார்ப்பது சிறுவர் விளையாட்டு என்று பலர் எண்ணுகின்றனர். விமானங்களை வகுக்கும் பொறியியல் வல்லுநரோ, மாதிரி உருவங்களைச் சோதித்துப் பாராமல் எந்தப் போர்விமானத்தையும் ஆகாயத்தில் ஏற்றுவதில்லை. மாதிரி நமக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அறியப் பெங்களூரில் உருவான மருத் என்னும் ஹெச்.எஃப்.24 போர்விமானத்தின் வரலாறு சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

பெங்களூரின் பழைய கண்டோன்மென்டை ஒட்டிய ஆஸ்டின் டவுன், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி. இங்குள்ள மாணவர் இவ்விமானத்தை நேரில் காண நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. கஸ்தூர்பா சாலையிலுள்ள விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பொருட்காட்சிசாலையின் முற்றத்தில் ஒரு மருத் நிற்கிறது. விமான நிலையச் சாலை வழியே கிழக்கே சென்றால், இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் காட்சியகத்தில் மற்றொன்றைக் காணலாம். மாணவரை அங்கு அழைத்துச் சென்று காட்டிய பின்னர் வகுப்பில் மாதிரியைச் செய்வித்தால், அளவியலும் பௌதிகமும் ஒருங்கே விளங்கும்.

போர்க்காலத்து வித்து

மருத்தை வகுத்த குழுவின் தலைவர் கூர்ட் டாங்க் என்னும் ஜெர்மானியப் பொறியியலறிஞர். இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற ஃபோக்கே-உல்ஃப் 190 அவர் வகுத்ததே. போரின் இறுதியில் அவரது குழு டி.ஏ.183 என்னும் ஜெட் போர்விமானத்தைத் திட்டமிட்டது. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகளைக் கொண்ட அவ்விமானத்தில் ஒன்றுகூட முடிவுபெறுமுன் போர் ஓய்ந்தது. வரைபடங்களும் காற்றுச் சுரங்கத்தில் சோதித்த சிறு மாதிரிகளுமே அதன் எச்சங்கள். பின்னர் டாங்க் அர்ஜென்டீனா சென்று, அக்கருத்துக்களை வளர்த்துப் புல்கி 2 என்னும் விமானத்தை அமைத்தார். அது 1950-இல் பறந்தது. அங்கும் ஜெட் எஞ்சினைப் பொருத்துமுன், எஞ்சினற்ற கிளைடர் ஒன்று அதே வடிவில் செய்து பறக்கவிடப்பட்டது.

டாங்க் 1956-இல் பெங்களூர் வந்தபோது, இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பதினாறாண்டு அனுபவம் உடையதாயிருந்தது. 1940-இல் தோன்றிய அந்நிறுவனம் 1951-இல் டாக்டர் காட்கே வகுத்த ஹெச்.டி.2 பயிற்சி விமானத்தைப் பறக்கவிட்டிருந்தது. எனினும் ஒலிவேகத்தை எட்டும் போர்விமானம் முற்றிலும் புதிய துறை. ஆதலின் 1959-இன் தொடக்கத்தில் எக்ஸ்.241 என்னும் முழு அளவுள்ள மரக் கிளைடர் செய்யப்பட்டது. டக்கோட்டா விமானம் ஒன்று அதனைக் கயிற்றால் இழுத்து மேலேற்றியது.

வகுப்பில் மாதிரி செய்தல்

மருத்தின் நீளம் 15.87 மீட்டர், இறக்கைகளின் முனைக்கு முனை அகலம் 9 மீட்டர், உயரம் 3.60 மீட்டர். முப்பதில் ஒரு பங்கு என்னும் அளவு வகுப்பறைக்கு ஏற்றது. அப்போது மாதிரியின் நீளம் 52.9 சென்டிமீட்டர், அகலம் 30, உயரம் 12 சென்டிமீட்டர் ஆகும்.

முதலில் பக்கத் தோற்றத்தையும் மேல் தோற்றத்தையும் கட்டத்தாளில் வரைக. உடற்பகுதியைப் பன்னிரண்டு இடங்களில் குறுக்கே வெட்டியதாகக் கொண்டு, ஒவ்வோரிடத்தின் வடிவையும் அட்டையில் வெட்டி வைத்துக்கொள்க. பால்சா மரம் கிடையாதவிடத்துச் சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலை மரமே போதும். மரத்தைச் செதுக்குந்தோறும் அட்டையைப் பொருத்திப் பார்த்து, இறுதியில் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இறக்கைகள் மெல்லியவை, உடலின் கீழ்ப்பகுதியில் பொருந்திப் பின்னோக்கிச் சாய்பவை. இரண்டு பக்கங்களும் ஒரே கோணத்தில் அமையாவிடில் மாதிரி கோணலாகத் தோன்றும்.

இறக்கை சேருமிடத்தில் உடற்பகுதி சற்றே ஒடுங்கியிருப்பதை மாணவர் கவனிப்பர். ஒலிவேகத்தை நெருங்கும்போது, உடலும் இறக்கையும் சேர்ந்த மொத்தக் குறுக்குப் பரப்பு திடீரென மாறினால் காற்றின் தடை மிகும். இறக்கை கூடுமிடத்தில் உடலை ஒடுக்கினால் அம்மாற்றம் மென்மையாகும். பன்னிரண்டு இடங்களிலும் உடலும் இறக்கையும் சேர்ந்த பரப்பைக் கட்டங்களை எண்ணிக் கணக்கிட்டு வரைபடமாக்கினால் இவ்வுண்மை கண்ணுக்குப் புலப்படும்.

கணக்கு கூறும் உண்மை

நீளம் முப்பதில் ஒரு பங்கானால் பரப்பு தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு; கனவளவு இருபத்தேழாயிரத்தில் ஒரு பங்கு. மருத்தின் இறக்கைப் பரப்பு 28 சதுர மீட்டர். மாதிரியில் அது ஏறக்குறைய 311 சதுர சென்டிமீட்டர். விமானத்தின் வெற்றெடை சுமார் 6,195 கிலோகிராம். மாதிரியில் அது ஏறக்குறைய 229 கிராமாக வேண்டும். எனவே இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் தாங்கும் பாரம் முப்பது மடங்கு குறைகிறது. பாரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலால், மாதிரி பறக்கவேண்டிய வேகம் முப்பதின் வர்க்கமூலமாகிய ஏறத்தாழ ஐந்தரை மடங்கு குறையும்.

இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. காற்றின் பாகுத்தன்மை மாதிரிக்காகச் சிறிதாவதில்லை. அதன் செல்வாக்கை அளக்க ரெனால்ட்ஸ் எண் பயன்படுகிறது. அவ்வெண் வேகத்தையும் நீளத்தையும் பெருக்கினால் வருவதற்கு நேர்விகிதமானது. வேகம் ஐந்தரை மடங்கும் நீளம் முப்பது மடங்கும் குறைய, மாதிரியின் ரெனால்ட்ஸ் எண் சுமார் 164 மடங்கு சிறிதாகிறது. ஆதலின் சிறு மாதிரியின் இறக்கைமேல் காற்று ஒழுகும் முறையும், அது இறக்கையைவிட்டுப் பிரியும் முறையும் மெய்விமானத்தில் உள்ளவாறு அமையா. காற்றுச் சுரங்கத்தின் முடிவுகளைத் திருத்திக் கொள்வதும், முழு அளவில் மரக் கிளைடர் செய்ததும் இக்குறையை நீக்கவே.

மாதிரி சொன்னதும் சொல்லாததும்

எக்ஸ்.241 போர்விமானத்தின் அளவுகளையும் இறக்கை வடிவையும் கட்டுப்பாட்டு அமைப்புகளையும் அப்படியே பெற்றிருந்தது. 78 முறை பறந்தபின், மூக்குச் சக்கரம் வெளிவராமையால் இறங்கும்போது பெருஞ்சேதமுற்றது. அதற்குள் குறைந்த வேகத்தில் விமானம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது தெளிவாயிற்று. 1961 ஜூனில் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் முதல் மருத் விமானத்தை வானில் செலுத்தினார்.

ஆனால் எஞ்சினற்ற கிளைடர், எஞ்சினைப் பற்றி எதுவும் கூற இயலாது. மருத்துக்கெனக் கருதப்பட்ட ஆற்றல்மிக்க ஆர்ஃபியஸ் எஞ்சின் கைவிடப்பட்டது. அதனினும் வலிமை குறைந்த ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் 2,200 கிலோகிராம் உந்துவிசையுடன், பொருத்தப்பட்டன. ஒலியினும் இருமடங்கு வேகம் வேண்டியிருக்க, ஒலிவேகத்தைச் சற்றே எட்டுவதுடன் அது நின்றது. உந்துவிசையைக் கூட்டும் முயற்சியில் அமைந்த மருத் வகையொன்றைச் சோதிக்கும்போது, 1970 ஜனவரியில் சுரஞ்சன் தாஸ் உயிர்நீத்தார். பெங்களூரில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

ஆயினும் வடிவம் பழுதற்றதாயிருந்தது. மொத்தம் 147 மருத் விமானங்கள் செய்யப்பட்டன. 1971 போரில் அவை பங்குகொண்டன.

மாணவர் மாதிரியைச் செய்து முடித்ததும், ஆசிரியர் அதனை மேசைமீது வைத்து இரண்டு பட்டியல்கள் எழுதச் சொல்லலாம்: இதனால் அளந்தறியக்கூடியவை, அறியக்கூடாதவை. வடிவம், பரப்பு, குறுக்குவெட்டு ஆகியவை முதற் பட்டியலில் சேரும். காற்றின் ஒழுக்கு, எஞ்சினின் ஆற்றல், ஒலிவேகத்தருகே எழும் தடை ஆகியவை இரண்டாவதில் சேரும். அணைக்கட்டாயினும் பாலமாயினும் பயிர்ப்பாத்தியாயினும், சிறிய அளவில் கண்ட முடிவைப் பெரிய அளவுக்குக் கொண்டுசெல்லும் ஒவ்வோர் ஊழியரும் இவ்விரண்டாம் பட்டியலை முதலில் எழுதிக்கொள்வது நலம்.