கதவடையாக் கல்லூரி

என் தாயார் தில்லிக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. தமிழில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். வார இதழ் கையில் கிடைத்தால் விளம்பரம் உட்பட ஒரு வரி விடமாட்டார். ஆயினும் இவ்வூர்ப் பேருந்தில் எண்ணைப் பார்த்தே ஏறுவார். பலகையில் உள்ள இந்தி எழுத்து அவருக்கு வெறும் கோடு. சென்ற ஆண்டு ஒரு நாள், வழித்தட எண் மாறியது தெரியாமல் ஏறி, நகரின் மறுகோடியில் இறங்கி, இரவு வெகுநேரம் கழித்தே வீடு வந்து சேர்ந்தார். "இந்தி படித்துக்கொள்ளக் கூடாதா, அம்மா?" என்றேன். "இந்த வயசுல என்னை எந்தப் பள்ளிக்கூடத்துலடா சேத்துக்குவாங்க?" என்று திருப்பிக் கேட்டார். விடை சொல்ல இயலாமல் நின்றேன்.

அக்கேள்விக்கு விடை கூறும் கல்லூரி ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டில் உள்ள சான்பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியே அது. இயற்பியல் படிக்கும் இவனுக்கு அக்கல்லூரியின் வரலாறு எதற்கு என்று எண்ணாதீர்கள். தாயாரின் கேள்வி உறுத்தவே, நூலகத்தில் தேடிப் படித்ததை உங்கள்முன் வைக்கிறேன்.

அக்கல்லூரி தோன்றிய ஆண்டு 1935. பொருளாதார வீழ்ச்சி அமெரிக்காவை வாட்டிய காலம் அது. உயர்நிலைப் பள்ளியை முடித்த இளைஞர்க்கு வேலை இல்லை. பல்கலைக்கழகம் செல்லப் பணமும் இல்லை. நகரக் கல்வித்துறையில் பணியாற்றிய ஆர்ச்சிபால்டு கிளவுடு என்பார் முயன்று, ஜூனியர் கல்லூரி ஒன்றைத் தொடங்கி அதன் முதல் தலைவரானார். கல்லூரி பிறந்தது, கட்டடம் பிறக்கவில்லை! நகரெங்கும் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் வகுப்புகள் நடந்தன. ஒரு பாடம் முடிந்ததும் மாணவர் டிராம் பிடித்து அடுத்த பாடத்துக்கு ஓடினர். 'டிராம் வண்டிக் கல்லூரி' என்று ஊரார் கேலி செய்தனர்.

1940ஆம் ஆண்டில் சொந்த இடத்தில் அறிவியல் மாளிகை எழுந்தது. அந்த இடம் எது தெரியுமா? முன்பு சிறுவர் சீர்திருத்தப் பள்ளியும், பின்னர் சிறைச்சாலையும் இருந்த மேடு! அடைத்து வைக்கக் கட்டிய இடம், திறந்து வைக்கும் இடமாக மாறியது.

போர் முடிந்ததும் படை வீரர்கள் அரசின் உதவிப் பணத்துடன் படிக்க வந்து குவிந்தனர். 1948இல் 'நகரக் கல்லூரி' என்ற பெயர் நிலைத்தது. 1970இல் அது பள்ளி நிர்வாகத்தினின்று பிரிந்து தனி ஆட்சி பெற்றது. நகரில் முன்பே நடந்துவந்த முதியோர் கல்வி நிலையங்களும் அந்த ஆட்சியின்கீழ் வந்தன. இந்த இணைப்பே அக்கல்லூரிக்குத் தனிச்சிறப்பு அளித்தது என்பது என் கருத்து.

ஏனெனில் அங்கே மூவகைக் கல்வி ஒரே கூரையின்கீழ் நடக்கிறது. முதலாவது, இரண்டாண்டுப் பட்டம். அதை முடித்து, உரிய தகுதி பெற்றவர் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரலாம். பள்ளியில் குறைந்த மதிப்பெண் பெற்றவனுக்கும் இது இரண்டாம் வாய்ப்பு. இரண்டாவது, தொழிற்கல்வி. செவிலியர் பணி, விமானம் பழுதுபார்த்தல், உணவு விடுதி நடத்துதல் முதலியவை இதில் அடங்கும். மூன்றாவது, பட்டத்தோடு தொடர்பில்லாத கல்வி. பிற நாடுகளிலிருந்து குடியேறியவர்க்கு ஆங்கிலம், குடியுரிமைத் தேர்வுக்குப் பயிற்சி, பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்க்கு அதை முடிக்கும் வழி ஆகியன இங்கே கிட்டும். இதற்குக் கட்டணம் இல்லை. சீனர் தெருவிலும் மிஷன் பகுதியிலும், மக்கள் வாழும் இடத்துக்கே வகுப்பு சென்றிருக்கிறது. அங்கே பாட்டியும் பேரனும் ஒரே கல்லூரி மாணவர் எனலாம்!

இத்தகைய கல்லூரிக்கும் கேடு வந்தது. நிதி நிர்வாகமும் ஆட்சி முறையும் சரியில்லை என்று அங்கீகாரக் குழு 2012இல் கடுமையாக எச்சரித்தது. 2014 ஜூலையோடு அங்கீகாரம் நீங்கும் என்று 2013இல் அறிவித்தது. அங்கீகாரம் போனால் பட்டத்துக்கு மதிப்பில்லை. அரசுப் பணமும் இல்லை. கல்லூரியை மூட வேண்டியதுதான். அஞ்சிய மாணவர் பல்லாயிரவர் விலகினர். ஆசிரியரும் மாணவரும் தெருவில் இறங்கினர். நகரத்தின் வழக்கறிஞரே குழுவின்மீது வழக்குத் தொடுத்தார். 2014 சனவரியில் நீதிமன்றம் தடை விதித்தது. 2017 சனவரியில் ஏழாண்டுக்கு அங்கீகாரம் உறுதியாயிற்று.

இதற்கிடையில் மக்கள் செய்த செயல் வியப்பானது. 50 இலட்சம் டாலரும் அதற்கு மேலும் விலைபோகும் சொத்துகள் கைமாறும்போது கூடுதல் வரி விதிக்க, 2016 தேர்தலில் அவர்களே வாக்களித்தனர். அவ்வருவாயை நம்பி, 2017 முதல் நகரவாசிகளுக்குக் கட்டணமின்றிக் கல்வி அளிக்க நகராட்சி முன்வந்தது. ஆயினும் இன்னல் முற்றும் தீர்ந்துவிடவில்லை. பணமுடையால் 2022இல் முழுநேர ஆசிரியர் முப்பதுக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். கதவைத் திறந்து வைத்தால் போதாது. உள்ளே ஆசிரியரும் இருத்தல் வேண்டும்.

இக்கருத்து நம் நாட்டுக்கும் புதிதன்று. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னையில் கிறித்தவத் திருச்சபையினரும் சமுதாயக் கல்லூரி தொடங்கினர். பின்னர்ப் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்கெனத் திட்டம் வகுத்தது. ஆயினும் இவை பெரும்பாலும் தொழிற்பயிற்சியோடு நின்றுவிட்டன. ஊர் மாறி வந்து, அவ்வூர் எழுத்தறியாமல் வாழும் ஒரு தாயைத் தேடி அவை இன்னும் வரவில்லை.

அரசு செய்யட்டும் என்று காத்திருக்கலாம். ஆனால் நம் சங்கத்தின் அறை சனிக்கிழமை மாலைகளில் பூட்டியே கிடக்கிறது. நம்முள் இந்தி எழுதப் படிக்கத் தெரிந்தோர் பலர். கரும்பலகை ஒன்று, சாக்குக்கட்டி ஒரு பெட்டி, இரண்டு மணி நேரம் போதும். டிராம் வண்டியில் தொடங்கிய கல்லூரி எண்பது ஆண்டுக்கு மேல் நிலைத்திருக்கிறதே, நம்மால் ஓர் அறையில் தொடங்க முடியாதா? விருப்பமுள்ள தோழர்கள் என்னிடம் பெயர் தருக. பாடம் சொல்வோர் பட்டியலில் என் பெயரை எழுதிவிட்டேன். படிப்போர் பட்டியலில் முதற்பெயர் என் தாயாருடையது. இம்முறை அவர் கேள்வி கேட்கவில்லை. "சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று மட்டுமே கேட்டார்.