அம்மாவுக்கு ஒரு நாள் லீவு

சித்திரை பிறந்துவிட்டால் நம் வீடுகளில் யாருக்கு லீவு, யாருக்கு வேலை என்று எப்போதாவது யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் மூடிவிடுகிறது. காலேஜ் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிடுகிறது. உத்தியோகஸ்தர்கள் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்த இடம் தேடிப் புறப்படுகிறார்கள். ஹைகோர்ட்டுக்குக்கூடக் கோடை விடுமுறை உண்டு! லீவே இல்லாத ஒரே இடம் சமையலறைதான். சொல்லப் போனால், மற்றவர்களுக்கு லீவு விட்ட அன்றைக்குத்தான் அங்கே வேலை இரட்டிப்பாகிறது.

2025-ஆம் வருஷத்துக் கோடையில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் அம்மாவுக்கு அப்போது வயது 66. மாம்பலத்தில் அப்பாவோடும் எங்களோடும் இருக்கிறாள். ஏப்ரல் மாதம் பாதி ஆனதும் பெங்களூரிலிருந்து அண்ணனும் அண்ணியும் இரண்டு குழந்தைகளுடன் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே மதுரையிலிருந்து அத்தை வந்தார். கூடவே, பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த அவருடைய பேரனும் வந்தான். காலையில் ஒருவருக்குக் காபி, ஒருவருக்கு டீ, ஒருவருக்குச் சர்க்கரை போடாத காபி, சின்னவர்களுக்குப் பால். பதினோரு மணிக்கு மோர். நாலு மணிக்கு மாம்பழம். இதற்கு நடுவே மொட்டை மாடியில் கூழ் வடகம் வேறு!

வடகத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே கூழைக் கிளறி, சூடு ஆறுவதற்குள் நாழியில் போட்டுப் பிழிந்தாக வேண்டும். காக்காய்க்குக் காவலாகக் கறுப்புக் குடையை விரித்து வைக்க வேண்டும். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால், பாதி வடகம் காய்ந்திருக்கும். மீதிப் பாதி பச்சையாகவே குழந்தைகள் வயிற்றுக்குள் போயிருக்கும். வைகாசிக் கடைசியில் சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணம். அதற்குச் சீராகக் கொடுக்க இன்னும் இரண்டு டப்பா அப்பளமும் வடகமும் தயாராக வேண்டும்.

இந்த அமர்க்களத்துக்கு நடுவில்தான் மே 18-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றது. அன்றைக்குக் கும்பகோணத்தில் அம்மாவின் பள்ளித் தோழிகள் ஒன்றுகூடுவதாக ஏற்பாடு. பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 1975-ல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய வகுப்பு அது. ஐம்பது வருஷம் ஆகிவிட்டது!

இளைய வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. ப்ளஸ் டூ தமிழ்நாட்டுக்கு வந்தது 1978-ல்தான். அதற்கு முன்னால் பதினோராம் வகுப்புக்குத்தான் எஸ்.எஸ்.எல்.சி. என்று பெயர். தேறியவர்கள் காலேஜில் பி.யூ.சி. சேரலாம். பெண் குழந்தை அந்தப் பதினோராம் வகுப்பை எட்டுவதே அன்று பெரிய காரியம். 1971-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால், தமிழ்நாட்டில் நூறு பெண்களுக்குச் சுமார் 27 பேர்தான் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்.

தேடிப் பிடித்த கதை

அந்த வகுப்பில் 43 பேர். அவர்களைத் தேடிப் பிடிக்க ஒரு வருஷம் ஆயிற்று. ஏன் என்று கேட்கிறீர்களா? ஆண் பிள்ளைகளைத் தேடுவது சுலபம். அப்பாவின் இனிஷியல் கடைசி வரை கூடவே இருக்கும். பழைய தெருவில் போய் விசாரித்தால் "அவனா? அடையாற்றில் இருக்கிறானே!" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பெண்கள் விஷயம் அப்படியா? கல்யாணம் ஆன மறு நாளே இனிஷியல் மாறிவிடுகிறது. ஊர் மாறிவிடுகிறது. பிறந்த வீட்டை அண்ணன் தம்பிகள் விற்றிருப்பார்கள். டெலிபோன் இருந்தால் அது கணவர் பெயரில் இருக்கும். இல்லாவிட்டால் பிள்ளை பெயரில் இருக்கும். போதாக்குறைக்கு, அந்த ஒரே வகுப்பில் நாலு விஜயலட்சுமிகள்!

கும்பகோணத்திலேயே வாழ்க்கைப்பட்ட ஒரு தோழி, பிரிவு உபசாரத்தன்று எடுத்த குரூப் போட்டோவைப் பத்திரமாக வைத்திருந்தார். அதன் அடியில் எல்லோருடைய பெயரும் அப்பா இனிஷியலோடு அச்சாகியிருந்தது. அந்த ஒரு துண்டு அட்டைதான் ஆதாரம். பெரிய கடைத்தெருவில் ஒரு தோழியின் அப்பா பாத்திரக் கடை வைத்திருந்தார். அங்கே விசாரித்ததில் அந்தத் தோழி கிடைத்தார். இன்னொருவர் கிடைத்தது ஒரு கல்யாணப் பத்திரிகையிலே. பத்திரிகையில் தாய்மாமன் பெயர் போட்டிருந்ததல்லவா? அந்த இனிஷியலும் ஊரும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்தாராம். மாமனின் இனிஷியல்தானே அவருடைய அக்காவின் பழைய இனிஷியல்! இப்படியாக 31 பேர் அகப்பட்டார்கள். ஐந்து பேர் காலமாகிவிட்டார்கள் என்று தெரிந்தது. ஏழு பேரைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

"டிக்கெட்டைக் கான்ஸல் பண்ணிவிடு"

ரயிலில் இப்போது அறுபது நாளைக்கு முன்னாலிருந்துதான் முன்பதிவு. மார்ச் மாதமே உட்கார்ந்து, மே 17-ஆம் தேதி இரவு உழவன் எக்ஸ்பிரஸில் அம்மாவுக்கும் எனக்கும் இடம் பிடித்துவிட்டேன். அப்போது அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! பீரோவைத் திறந்து எந்தப் புடவை என்று அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டாள்.

ஆனால் மே மாதம் இரண்டாவது வாரம் அதே அம்மா என்னிடம் மெதுவாக வந்து, "டிக்கெட்டைக் கான்ஸல் பண்ணிவிடு" என்றாள்.

"ஏனம்மா?"

"எல்லோரும் வந்திருக்கிற சமயத்தில் நான் எப்படிடி போகிறது? வெள்ளிக்கிழமை பையனுக்கு ரிசல்ட் வருகிறது. அத்தைக்குப் பத்தியச் சமையல். உன் அப்பாவுக்குக் காபி யார் கலந்து கொடுப்பார்கள்? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்."

யாரும் அவளைப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. அதுதான் இதில் விசேஷம். "போகாதே" என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். "போயேன், ஆனால் இந்த வெயிலிலா?" என்றார் அப்பா. "தாராளமாகப் போய்விட்டு வாயேன், வடகம்தான் பாதியில் நிற்கிறது" என்றார் அத்தை. எல்லோரும் நல்லவர்கள்தான். அம்மா மட்டும் எடுத்து வைத்த புடவையைத் திரும்ப பீரோவில் வைத்துவிட்டாள்.

டெலிபோனில் கும்பகோணத்துத் தோழியிடமும் "அடுத்த வருஷம்" என்றுதான் சொன்னாள். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கே அந்தப் பதில் கேட்டது. "அறுபத்தாறு வயதில் அடுத்த வருஷம் என்று யாருடி சொல்வது? போட்டோவில் அஞ்சு பேருக்கு அடுத்த வருஷம் வரவில்லையே!"

அன்று ராத்திரி சாப்பாட்டு வேளையில், பத்திரிகைக்காரப் புத்தியில், ஒரு புள்ளிவிவரத்தை எடுத்து உரக்கப் படித்தேன். மத்திய அரசாங்கம் மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுவதும் கணக்கெடுத்திருக்கிறது. 2024-ஆம் வருஷத்துக் கணக்கில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிஷம் செலவிடுகிறார்கள். அதாவது ஐந்து மணிக்குப் பதினோரு நிமிஷம் குறைச்சல். ஆண்கள் 88 நிமிஷம். அதற்கு முந்திய 2019-ஆம் வருஷத்துக் கணக்கில் பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. ஐந்து வருஷத்தில் பெண்களுக்குக் குறைந்தது பத்தே நிமிஷம். அதே சமயத்தில் ஆண்களும் ஒன்பது நிமிஷத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள்!

அப்பா தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "எண்பத்தெட்டு நிமிஷமா? அவ்வளவு நேரம் நான் ஒன்றும் செய்வதில்லையே?"

எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பில்டரில் எத்தனை ஸ்பூன் காபிப் பொடி போட வேண்டும்?" என்று அம்மாவிடம் கேட்டார். பயணம் அந்த நிமிஷத்திலேயே நிச்சயமாகிவிட்டது.

பிரஸென்ட் டீச்சர்!

பொழுது விடியும் நேரத்தில் கும்பகோணம். அக்கினி நட்சத்திரத்து நாட்கள். காவிரியில் வெறும் மணல்தான். மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமாக ஜூன் 12 ஆகுமே! ஆனால் அம்மாவுக்கு வெயிலே தெரியவில்லை. "இங்கேதான் 1968 மகாமகத்துக்கு அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்" என்று காட்டினாள். வழியெல்லாம் அவள்தான் பேசினாள். எங்கள் வீட்டில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

பள்ளிக்கூடத்து ஹாலில் 24 பேர் வந்திருந்தார்கள். தலை நரைத்த பாட்டிகள்தான். ஆனால் வாசலில் கேட்ட குரல்கள்? "ஏண்டி, நீ இன்னும் குள்ளமாகவே இருக்கிறாயே!" "அடி, என் இங்க் பேனாவை எப்போதடி திருப்பித் தருவாய்?" என்னைப் பார்த்து ஒருவர், "நீ இவள் பெண்ணா? உன் அம்மா மதில் ஏறிக் குதித்து மாங்காய் பறித்தவளாச்சே!" என்றார். அம்மாவின் சர்ட்டிபிகேட்டில் அங்க அடையாளம் என்ற இடத்தில் இடது முழங்காலில் ஒரு தழும்பு என்று எழுதியிருக்கும். கிணற்றடியில் வழுக்கி விழுந்தது என்றுதான் இத்தனை வருஷமாக எங்களிடம் சொல்லிவந்தாள். அன்றைக்குக் குட்டு வெளிப்பட்டது!

கணக்கு டீச்சர் வந்திருந்தார். வயது 84. குரூப் போட்டோவைப் பார்த்து, பழைய இனிஷியலோடு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். "பிரஸென்ட் டீச்சர்!" என்று ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். முழங்கால் வலிக்காரர்கள்கூட எழுந்துதான் நின்றார்கள். பெற்ற தகப்பனாரின் எழுத்தைச் சேர்த்துத் தங்கள் பெயரை யாராவது கூப்பிட்டு, அவர்களில் பலருக்கு அரை நூற்றாண்டு ஆகியிருக்கும். பதில் வராத பெயர்களுக்கு டீச்சர் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு அடுத்த பெயருக்குப் போனார்.

அந்த வகுப்பிலேயே முதலாவதாக வந்தவர் ஒருவர். கணக்கில் நூற்றுக்கு நூறு. பத்திரிகையில் நம்பர் வந்த அன்று தெருவே கொண்டாடியதாம். பி.யூ.சி. சேர மனு வாங்கி வைத்திருந்தார். ஆவணியில் கல்யாணம் ஆகிவிட்டது. அப்போது பெண்ணுக்குச் சட்டப்படி கல்யாண வயது பதினைந்துதான். அது பதினெட்டு ஆனது 1978-ல். ஆகவே சட்டத்திலும் ஒரு குற்றமில்லை, வீட்டாரும் கெட்டவர்களில்லை. "போகாதே" என்று அங்கேயும் யாரும் சொல்லவில்லையாம். "அடுத்த வருஷம் சேர்ந்துகொள்ளலாம்" என்றுதான் சொன்னார்களாம்.

அவர் பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். "இதை எங்கேயும் காட்ட எனக்கு அவசியமே வரவில்லை, டீச்சர். உங்களிடமாவது காட்டலாம் என்று கொண்டு வந்தேன்" என்றார்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மார்க்குகளை ஒவ்வொன்றாக ஹால் முழுவதும் கேட்கும்படி வாசித்தார். கணக்கு வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். நான் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். என் அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

வீடு என்ன ஆயிற்று?

கொழுந்து வெற்றிலை இரண்டு கவுளி வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை காலை வீடு வந்து சேர்ந்தோம். வீடு இடிந்து விழுந்துவிடவில்லை. அப்பாவின் காபி முதல் நாள் கஷாயமாகவும் மறு நாள் வெந்நீராகவும் இருந்ததாம். அத்தையும் அண்ணனும் சேர்ந்து வடகம் போட்டார்கள். உப்பை இரண்டு பேரும் தனித்தனியே போட்டுவிட்டதால் காக்காய்கூட அதைத் தொடவில்லை. குடைக்கு வேலையே இல்லை! பத்தாம் வகுப்புப் பையன் தேறிய சந்தோஷத்தில் எல்லோருக்கும் தானே தோசை வார்த்துப் போட்டான். ஒன்றாவது வட்டமாக இல்லை. ஆனால் எல்லாம் தீர்ந்துபோயிற்று.

அம்மா கைகால் கழுவிக்கொண்டு நேரே சமையலறைக்குத்தான் போனாள். ஆனால் போகிறபோதே ஒரு வார்த்தை சொன்னாள்: "அடுத்த தடவை இரண்டு நாள் தங்கப் போகிறோம். அந்த ஏழு பேரையும் தேட வேண்டும்."

சகோதரிகளே, உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அம்மாவோ மாமியாரோ எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள், பழைய இனிஷியல் என்ன, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியின் பெயர் என்ன என்று இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். யாராவது எங்கேயாவது அவர்களைத் தேடிக்கொண்டிருக்கலாம். தகவல் கிடைத்துவிட்டால் முதலில் டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். "அடுத்த வருஷம்" என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வடகம் எந்த வெயிலிலும் காயும்.