கம்பி நீட்டலாம், வாங்க!

அறுபதாம் கல்யாணப் பத்திரிகையில் போடுவதற்கு அப்பாவின் பழைய போட்டோ ஒன்று வேண்டும் என்றார் பெரம்பலூர் அச்சகக்காரர். "அதுக்கென்ன ஸார், வீட்ல நாலு ஆல்பம் இருக்கு!" என்று பந்தாவாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

நாலு ஆல்பத்தையும் புரட்டினால்... அம்மா இருக்கிறாள், அக்கா இருக்கிறாள், நான் இருக்கிறேன், பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிகூட இருக்கிறது. அப்பா மட்டும் இல்லை! எப்படி இருப்பார்? காமிரா அவர் கையில் அல்லவா இருந்தது!

கடைசியில், 1998-ல் கங்கைகொண்ட சோழபுரத்தில் எடுத்த படத்தில் மனுஷர் அகப்பட்டார். முழுசாக அல்ல. பெரிய நந்திக்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்க, எங்கள் காலடியில் நீளமாக ஒரு நிழல். இரண்டு முழங்கைகளும் தூக்கியபடி... அதுதான் அப்பா.

நிழலைப் பத்திரிகையில் போட முடியுமா?

"ஏம்ப்பா, அந்தக் காமிராவுல டைமர் இருந்துச்சே?"

"இருந்துச்சுடா. காமிராவை எதும்மேல வைக்கிறது, நந்தி தலையிலயா? 36 படத்துல ஒண்ணு வீணாப்போனா உங்கம்மா சும்மா விடுவாளா?"

"யார்கிட்டயாவது குடுத்து எடுக்கச் சொல்லியிருக்கலாமே?"

"குடுத்து... அவன் தூக்கிட்டு ஓடிட்டா?"

சிரிக்காதீர்கள். செல்ஃபி ஸ்டிக் பிறந்ததே இப்படி ஒரு ஓட்டத்தில்தான். மினோல்டா காமிரா கம்பெனியில் இன்ஜினீயராக இருந்தவர், ஜப்பானியரான ஹிரோஷி உவேதா. ஐரோப்பா போனபோது பாரிஸ் லூவர் மியூசியத்தில் ஒரு பையனிடம் காமிராவைக் கொடுத்து, "எங்களை ஒரு படம் எடுப்பா" என்றிருக்கிறார். பையன் காமிராவோடு கம்பி நீட்டிவிட்டான்! பதிலுக்கு இவரும் கம்பி நீட்டினார்: காமிராவை முனையில் மாட்டி, இழுத்து நீட்டும் கம்பி. 1983-ல் பேடண்ட் வாங்கினார். அது விலை போகவில்லை. 1995-ல் வந்த ஒரு புத்தகம், ஜப்பானின் கிறுக்குத்தனமான கண்டுபிடிப்புகளின் வரிசையில் அதையும் சேர்த்துக் கேலி செய்தது. 2003-ல் பேடண்ட் காலாவதி. அதற்குப் பிறகுதான் முன்பக்கக் காமிரா வைத்த போன்கள் பெருகி, ஊர் உலகமெல்லாம் கம்பி நீட்ட ஆரம்பித்தது. பாவம், உவேதா!

நம் நாட்டிலும் ஒரு முன்னோடி உண்டு. திரிபுரா மகாராஜா பீர் சந்திர மாணிக்யா, 1880 வாக்கிலேயே ராணியை அணைத்தபடி, கையிலிருந்த லீவரை இயக்கித் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டார். மகாராஜாவுக்கு லீவர் இருந்தது, எங்கப்பாவுக்கு இல்லை!

சரி, அப்பாவைப் படத்துக்குள் கொண்டுவந்தே தீருவது என்று கடைக்குப் போனேன். நான் படித்த பாடம் உங்களுக்கும் உதவும்.

முதலில் கம்பி. இதை அலட்டல் என்று நினைத்திருந்தேன். உண்மையில் மூக்குக்கு நல்லது! முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் எடுத்தால், 5 அடி தூரத்தில் எடுப்பதைவிட மூக்கு சுமார் 30 சதவிகிதம் பெரிதாகத் தெரியும் என்று 2018-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. ஒயர் வைத்த கம்பி என்றால், உங்கள் போனில் ஹெட்போன் ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புது போன்கள் பலவற்றில் அது கிடையாது.

அடுத்தது, தீப்பெட்டியைவிடச் சின்ன ப்ளூடூத் ரிமோட். பட்டனை அழுத்தினால் போனின் வால்யூம் பட்டனை அமுக்கியது போல ஒரு சிக்னல் போகும்; படம் விழும். அவ்வளவுதான் சூட்சுமம்.

மூன்றாவது டிரைபாட். கால்களை முழுசாக விரியுங்கள். நடுத்தண்டைக் கடைசியாகத்தான் உயர்த்த வேண்டும். உயர உயர ஆட்டம் அதிகம். காற்றடித்தால் அடியில் பையைத் தொங்கவிடுங்கள். சாத்தனூர் கல்மரம் 18 மீட்டர் நீளம். அதன் முன்னால் குடும்பத்தோடு நிற்பதென்றால் கம்பி எட்டாது, டிரைபாட்தான் கதி.

மூன்றையும் வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, அக்காவோடு மறுபடி சோழபுரம் கிளம்பினேன். வழியில் அரியலூர். பெரம்பலூர் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. அதனாலோ என்னவோ, அரியலூர் தண்டவாளத்தைக் கண்டால் நம் பையன்களுக்கு போன் தானாகக் கைக்கு வந்துவிடுகிறது. சுண்ணாம்புக்கல் குவாரிக் குட்டையைக் கண்டாலும் அப்படித்தான். தம்பிகளா, 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை பத்திரிகைச் செய்திகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. செல்ஃபி எடுக்கும்போது உலகெங்கும் செத்தவர்கள் 259 பேர். அதில் 159 பேர் இந்தியாவில்! போன் திரையைப் பார்ப்பவனுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் தெரியாது. பின்னால் ஓரடி வைப்பதற்கு முன் திரும்பிப் பாருங்கள். இதற்கு எந்தக் கடையிலும் கருவி விற்பதில்லை.

சோழபுரம் வந்தோம். ராஜேந்திர சோழன் எழுப்பிய விமானம், சுமார் 55 மீட்டர் உயரம். ஜம்பமாக டிரைபாடை விரித்தேன். காவலாளி வந்தார்.

"ஸார், ஸ்டாண்டு வைக்க பர்மிஷன் இருக்கா?"

அவர் சொன்னது நியாயம். தொல்லியல் துறை பராமரிக்கும் இடங்களில் கையில் பிடித்துப் படம் எடுக்கலாம். ஸ்டாண்டு வைக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மடக்கி வைத்தேன்.

அம்மாவின் பை, அதன்மேல் சாய்த்த தண்ணீர் பாட்டில், அதில் போன். லென்ஸ் தரையை ஒட்டி வரும்படி போனைத் தலைகீழாக வைத்ததில் கோபுரம் முழுசும் உள்ளே வந்துவிட்டது. 10 செகண்ட் டைமர்.

முதல் படத்தில் அப்பாவின் முதுகு! "சரியா விழுதான்னு பாக்க வந்தேன்டா." இரண்டாவதில் அவருடைய வேட்டி நுனி. முப்பது வருஷப் பழக்கம், போன் இருக்கும் பக்கமே கால் போகிறது.

சட்டென்று ஒரு யோசனை. ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். "நீங்கதாம்ப்பா எடுக்கறீங்க. நின்ன இடத்துலயே அமுக்குங்க."

அப்பா ஒரு தரம் எங்கள் மூவரையும் பார்த்தார். "அசையாதீங்க... ரெடி!" அதே பழைய குரல். அமுக்கினார்.

படத்தில் நாலு பேரும் இருக்கிறோம். பத்திரிகையில் இரண்டு படத்தையும் அச்சடித்தோம்: 1998 நிழலையும், இப்போதைய ஆளையும்.

நீங்களும் இன்று இரவு உங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டுங்கள். யார் இல்லை என்று பாருங்கள், அவர்தான் எடுத்தவர். அடுத்த முறை ரிமோட்டை அவரிடம் கொடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எங்கப்பா இன்னும் அதைத் திருப்பித் தரவில்லை. ஏற்கெனவே வீட்டில் டி.வி. ரிமோட்டுக்குச் சண்டை!