லாரி ஓட்டுநரும் வழிச்சோதனையும்

பாலக்காட்டிலும் இடுக்கி மலையோரங்களிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள் லாரித் தொழிலை நம்பியிருப்பன பல. ஒரு வீட்டில் மகன் ஓட்டுநர். மற்றொரு வீட்டில் மருமகன் கிளீனர். இன்னொரு வீட்டார் கடன்பட்டு ஒரு லாரி வாங்கியவர். இவர்கள் பிழைப்பில் அன்றாடம் குறுக்கிடுவது வழிச்சோதனை. அது பற்றி ஓட்டுநர்கள் வாயிலாகக் கேட்டறிந்தவற்றையும், ரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தராயிருந்து நாம் கண்டவற்றையும் அன்பர்கள் முன் வைக்கிறோம்.

வாளையாற்று மாநில எல்லை மிகப் பழமையானதன்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கேரள மாநிலம் அமையும் வரையில், பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த வண்டி ஒரு ஜில்லாவினின்று அடுத்த ஜில்லாவுக்குச் சென்றதே தவிர வேறில்லை. பின்னர் அது மாநில எல்லையாயிற்று. வரிச் சாவடியும் வந்தது. அங்கே லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றதையும், ஓட்டுநர்கள் வண்டிக்கடியிலேயே படுத்துறங்கியதையும் அறியாதார் இல்லை. 2017 ஜூலை 1 முதல் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் அவ்வரிச் சாவடிகள் எடுபட்டன. 2018 ஏப்ரல் 1 முதல், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு ஈ-வே பில் வந்தது. வரிக்காக நின்ற வரிசை மறைந்தது. ஆயினும் எடை, தகுதிச் சான்று, பெர்மிட், பிரேக் ஆகியவற்றுக்காக மோட்டார் வாகனத் துறையினர் நிறுத்தும் சோதனை நின்றபாடில்லை.

இச்சோதனையை ஓட்டுநர் வெறுப்பதற்குக் காரணம் உண்டு. எல்லாம் சரியாக இருந்தும், காகிதத்தை விரித்துக் காட்டுகையில் அதன் மடிப்பில் ஒரு நோட்டை வைக்கும் வழக்கம் இருந்ததை அவர்கள் மறைப்பதில்லை. 2025 ஜனவரியில் பாலக்காட்டு எல்லையிலுள்ள மோட்டார் வாகனச் சாவடிகளில் கேரள இலஞ்ச ஒழிப்புத் துறையினரே திடீர்ச் சோதனை நடத்திக் கணக்கில் வராத பணத்தைக் கைப்பற்றிய செய்தி பத்திரிகைகளில் வந்தது. காசுக்காக நிறுத்துகிறார்கள் என்று ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், உயிரைக் காக்க நிறுத்துபவரையும் ஓட்டுநர் அதே கண்கொண்டுதான் பார்ப்பார். இலஞ்சத்தால் விளையும் பெருங்கேடு இதுவே.

கம்பத்தைச் சேர்ந்த முதிய ஓட்டுநர் ஒருவர் நம்மிடம் சொன்னது இது. காய்கறி ஏற்றிக்கொண்டு குமுளி ஏறிக் கோட்டயம் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார். குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயத்துக்கு இறங்கும் மலைச்சாலைக்கு முன்னதாக, விடியற்காலையில் ஓர் அதிகாரி வண்டியை நிறுத்தினார். காகிதங்களைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தவர், பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு வண்டிக்கடியில் குனிந்தார். காற்றுக்குழாய் ஒன்று வெடிப்புவிட்டுச் சீறிக்கொண்டிருந்தது. மாற்றாமல் நகரக்கூடாது என்று சொல்லிவிட்டார். சந்தை நேரம் தவறியது, காய் வாடியது, முதலாளி தொலைபேசியில் ஏசினார், அன்றைய படியும் போயிற்று.

“அப்போது அவரைச் சபித்தேன், தம்பி. குழாயைக் கழற்றிக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் வாயை மூடினேன். அவர் நிறுத்தியிராவிட்டால், அந்த இறக்கத்தில் நான் எதைக் கொண்டு நிறுத்தியிருப்பேன்?” என்றார்.

அந்த வண்டியின் தகுதிச் சான்று செல்லுபடியாகும் நிலையில்தான் இருந்தது. 8 ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை அச்சான்று புதுப்பிக்கப்படுகிறது. ஓராண்டுக்கு முன் எழுதிய சீட்டு இன்று காலைப் பிரேக்குக்கு எவ்விதம் சாட்சி சொல்லும்?

ரயில்வேயில் வேறு முறை இருக்கிறது. பிரேக் சக்திச் சான்று இல்லாமல் சரக்கு ரயில் புறப்படாது. பரிசோதகர் பார்த்து எழுதித் தந்த அச்சான்றில் வண்டி ஓட்டுபவரும் கார்டும் கையொப்பமிடுவர். பழுதான வாகனைச் ‘சிக்’ என்று குறித்துக் கழற்றி விடுவார்கள். அதற்காக ஓட்டுபவரின் கூலியில் ஒரு காசும் குறையாது. லாரிக்கோ சோதனை பாதி வழியில் நேர்கிறது. பழுது உடையவருடையது, இழப்பு ஓட்டுநருடையது.

சட்டம் இவ்வாறு சொல்லவில்லை. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள திருத்தத்தின்படி, அதிகப் பாரத்துக்குச் சட்டம் குறிக்கும் அபராதம் 20,000 ரூபாய். மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். இது ஓட்டியவருக்கு மட்டுமன்று, ஓட்டச் செய்தவருக்கும் ஓட்ட அனுமதித்தவருக்கும் உரியது. ஆகவே உடையவர் ஏற்றச் சொன்ன பாரத்தின் அபராதத்தை ஓட்டுநர் சம்பளத்தில் பிடிப்பது நியாயமன்று. நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்று 1961-ஆம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரம்பு கட்டியது. இருந்தும், இரு இரவு விழித்தவனின் கண்ணைப் பார்த்து வண்டியை நிறுத்தும் சாவடியை நாம் எங்கும் கண்டதில்லை.

ஆதலால் முதற்சோதனை வீட்டு வாசலில் நடக்க வேண்டும். லாரி உடைய அன்பர்கள், மலையேறும் வண்டியின் காற்றுக்குழாய், பிரேக் லைனிங், டயர் இவற்றைப் புறப்படுமுன் ஓட்டுநரோடு நின்று பார்த்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருவரும் கையொப்பமிடலாம். ஓட்டுநராயுள்ள அன்பர்கள், ஏறிய கியரிலேயே இறங்கும் பழைய பாடத்தை மறவாதிருக்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். வழியில் அதிகாரி உரிமத்தை எடுத்துக்கொண்டால், அதற்குரிய ஒப்புகைச் சீட்டைப் பணிவுடன் கேட்டு வாங்க வேண்டும். செலுத்தும் அபராதத்துக்கு ரசீது கேட்பதும் அவர் உரிமை.

வீட்டிலுள்ள தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. “எப்போது வந்து சேருவாய்?” என்று கேட்பதற்கு முன், “தூங்கினாயா?” என்று கேளுங்கள். எந்தச் சாவடியிலும் கேட்கப்படாத கேள்வி அது.